பன்றி வரவில்லையா, பாக்கெட் வரவில்லையா? மலையடி வயலுக்குச் சென்சார் காவல் போடும் முறை

களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் ஆனாலும் சரி, பாபநாசம், சிவசைலம், கடையம் பக்கம் ஆனாலும் சரி, மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் ஏத்தன் வாழைக் கன்றுகளின் கிழங்கைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். பிசானப் பருவ நெல் கதிர் பிடிக்கும் சமயத்தில் இறங்கினால், தின்றதைவிட மிதித்துச் சாய்த்தது அதிகமாக இருக்கும். பரணில் உட்கார்ந்து தகரம் தட்டிய ஆட்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள்.

அதனால்தான் வயலைச் சுற்றிச் சின்னச் சின்ன சென்சார்களை நட்டு, ரேடியோ வழியாக மோட்டார் ரூமுக்குச் செய்தி (தலைப்பில் பாக்கெட் என்றது இதைத்தான்) அனுப்பும் யோசனை இப்போது எல்லோருக்கும் வருகிறது. பொறியியல் மாணவர்கள் பலர் இதை ப்ராஜெக்டாகச் செய்கிறார்கள். மேஜை மேல் நன்றாக வேலை செய்யும். வயலில் நட்டு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நம்ப முடியாததாக ஆகியிருக்கும். பெரும்பாலும் சென்சார் கெட்டுப்போயிருக்காது. சென்சார் சொன்னது வந்து சேராததுதான் பிரச்சினை.

விவசாயிகள் கேட்கும் கேள்வி நேராக அந்த இடத்தில்தான் வந்து நிற்கும்: "சரி தம்பி, இது சும்மா கெடக்குன்னா பன்னி வரலன்னு அர்த்தமா, இல்ல இதுவே செத்துப்போச்சுன்னு அர்த்தமா?" இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். முதல் தடவையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் தடம் பாருங்கள்

போர்டு வாங்குவதற்கு முன்னால் நிலத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து வாருங்கள். பன்றி கண்ட இடத்தில் எல்லாம் நுழையாது. ஓடை, வாய்க்கால் கரை, புதர் அடர்ந்த வரப்பு என்று மறைவான வழியாகத்தான் இறங்கும். கிளறிய மண், சேற்றில் புரண்ட குழி, முள்வேலியில் சிக்கிய மயிர் எல்லாம் வழியைக் காட்டிக்கொடுக்கும். நிலத்துக்காரரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் கேட்டால் இரண்டு மூன்று நுழைவிடங்களைச் சொல்லிவிடுவார்கள்.

மொத்த எல்லையையும் காக்க ஆசைப்பட வேண்டாம். ஒரு நுழைவிடத்துக்கு 5 நோடு (சென்சார், ரேடியோ, பேட்டரி சேர்ந்த ஒரு டப்பா) என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடந்து வரும் தடத்தை ஒட்டி, நாலைந்து மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். ஒரே கூட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட நோடு பார்க்க வேண்டும். நம்பகத்தன்மை வருவதே அதிலிருந்துதான்.

சென்சாரும் அதன் வரம்பும்

ஆரம்பத்துக்கு பிஐஆர் சென்சார் போதும். கடையில் கிடைக்கும் எச்.சி-எஸ்ஆர்501 வகை சுமார் 7 மீட்டர் வரை பார்க்கும். அது உடல் சூட்டின் நகர்வைப் பிடிப்பது. கோடைக் காலத்தில் மண்ணும் கல்லும் பகல் சூட்டை ராத்திரி நெடுநேரம் வரை வைத்திருக்கும். பின்னணிச் சூடும் விலங்கின் சூடும் நெருங்கிவிட்டால் பிஐஆரின் பார்வை மங்கும். கூடவே ஆர்சிடபிள்யூஎல்-0516 மாதிரி அசைவைப் பிடிக்கும் ஒரு மைக்ரோவேவ் சென்சாரையும் சேர்த்து, இரண்டும் ஒரே சமயத்தில் சொன்னால்தான் நோடு 'ஆம்' என்று சொல்லட்டும் என வைப்பது நல்லது. இலை ஆடினால் மைக்ரோவேவ் ஏமாறும், சூடான காற்று வீசினால் பிஐஆர் ஏமாறும். இரண்டும் ஏமாறும் காரணங்கள் வேறு வேறாக இருப்பதுதான் நமக்கு லாபம்.

தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், லேசாகக் கீழே பார்த்த மாதிரி பொருத்துங்கள். பகலில் அணைத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மயில்கள் நாள் முழுக்க அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு நோடுக்கும் இரண்டு எண்கள் தெரிய வேண்டும். விலங்கு உண்மையிலேயே கடந்தால் நோடு அதைப் பிடிக்கும் வாய்ப்பு ஒன்று. எதுவுமே இல்லாதபோது 'ஆம்' என்று உளறும் வாய்ப்பு இன்னொன்று. முதலாவதை அறிய, இருட்டியபின் நீங்களோ ஒரு நாயோ அந்தத் தடத்தில் திரும்பத் திரும்ப நடந்து, எத்தனை தடவை பிடித்தது என்று எண்ணுங்கள். இரண்டாவதை அறிய, எதுவும் நுழையவில்லை என்று உறுதியாகத் தெரிந்த ராத்திரிகளின் பதிவை எடுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு கேமரா ட்ராப் (ஏதாவது கடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா) வைத்துச் சரிபாருங்கள்.

இரண்டாவது எண்ணைச் சொல்லும்போது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முடிவு என்று வையுங்கள். ராத்திரி 10 மணி நேரம் என்றால் 300 முடிவுகள். தனி நோடின் உளறல் வாய்ப்பு 2% என்றால் கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் அந்த ஒரு நோடு மட்டுமே ஒரு ராத்திரிக்கு ஆறு தடவை எழுப்பிவிடும். மூன்று நாள் இப்படி எழுப்பினால் நாலாம் நாள் வீட்டுக்காரர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ரேடியோ

இந்த வேலைக்கு லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகு தூரம் செய்தி அனுப்பும் ரேடியோ) தொகுதிதான் பொருத்தம். எஸ்எக்ஸ்1276 சிப் உள்ளது எங்கும் கிடைக்கும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை 2005-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தார்கள், 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். அனுப்பும் திறன் 1 வாட்டுக்குள், அலைவரிசை அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். நாம் பயன்படுத்தப் போகும் திறன் அந்த 1 வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கும்போது 868 என்று குறித்த தொகுதியையும் அதற்கான ஆன்டெனாவையும் கேளுங்கள். ஆன்லைனில் 915 என்று போட்டு மலிவாக வருவதை வாங்காதீர்கள். அந்த இடத்தை ஒட்டி மொபைல் சேவைக்கான அலைவரிசை இருக்கிறது.

லோராவில் எஸ்எஃப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, செய்தியை எவ்வளவு நீட்டி மெதுவாக அனுப்புவது என்பதை அது சொல்லும். 7-இல் வைத்தால் 10 பைட் செய்தி சுமார் 41 மில்லி செகண்டில் போய்விடும், 12-இல் வைத்தால் ஏறக்குறைய ஒரு செகண்டு பிடிக்கும். எண் கூடக் கூட மெல்லிய சிக்னலையும் கேட்கும், ஆனால் பேட்டரி கரையும், செய்திகள் ஒன்றோடொன்று மோதும். அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 9 நல்ல நடுவழி. அதில் கேட்கும் எல்லை சுமார் மைனஸ் 129 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் கூடக் கூடச் சிக்னல் மெல்லியது), செய்தி நேரம் சுமார் 144 மில்லி செகண்டு.

கணக்குப் பார்த்தால் 1 கிலோமீட்டர் வெட்டவெளியில் சிக்னல் இழப்பு 91 டெசிபெல்தான். 14 டிபிஎம்மில் அனுப்பினால் மைனஸ் 77-இல் வந்து சேர வேண்டும். தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் ஃபேடிங் (சிக்னல் ஏறி இறங்கி மங்குவது) வருகிறது.

நோடிலிருந்து கிளம்பும் அலை ஒரே வழியில் வந்து சேராது. நேராக வருவது ஒன்று, தண்ணீர் நிற்கும் வயலில் பட்டு வருவது ஒன்று, தென்னையிலும் பனையிலும் பட்டு வருவது, மோட்டார் ரூம் தகரத்தில் பட்டு வருவது, எதிரே நிற்கும் பொத்தையின் (சிறு குன்றின்) பாறையில் பட்டு வருவது. இவை ஒன்றுக்கொன்று துணையாக வந்து சேர்ந்தால் சிக்னல் பலமாகும், எதிரெதிராக வந்தால் அழித்துக்கொள்ளும். வாழைத் தோட்டத்துக்குள் நேர்வழி முழுக்க அடைபட்டுப் போவதால், சிதறி வரும் அலைகள்தான் மிஞ்சுகின்றன. அந்த நிலையை ரேலி ஃபேடிங் என்பார்கள்.

அதில் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. சராசரி சிக்னல், கேட்கும் எல்லையைவிட 10 டெசிபெல் மேலே இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு செய்தி தொலையும். 20 டெசிபெல் மேலே இருந்தால் நூற்றில் ஒன்று. 30 இருந்தால் ஆயிரத்தில் ஒன்று. ஆகவே 'சிக்னல் வருது' என்று பார்த்துத் திருப்திப்படாதீர்கள், எல்லைக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

கன்று நட்ட புதிதில் அளந்த மிச்சம் ஆறு மாதத்தில் இருக்காது. வாழைத் தண்டும் இலையும் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை விழுங்கும். தோட்டம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஐப்பசி மழையில் இலை நனைந்து நிற்கும்போது, சித்திரையில் அருமையாக வேலை செய்த இணைப்பு திணறும். அதனால் முதல் நாளே 20 டெசிபெல் என்பதோடு நிறுத்தாமல் 30-ஐ நோக்கிப் போங்கள். ஆன்டெனாவை இலைக்கூட்டத்துக்கு மேலே ஏற்றுவதுதான் அதற்கு மலிவான வழி. சென்சார் தரையருகே இருக்கட்டும், ஆன்டெனா மட்டும் ஒரு சவுக்குக் கம்பின் உச்சியில் இருக்கட்டும்.

இணைப்பை அளப்பது

ஒவ்வொரு நோடும் வரிசை எண் போட்டு 500 செய்திகள் அனுப்பட்டும். கேட்வே (நோடுகளின் செய்திகளை வாங்கும் கருவி) எத்தனையைக் கேட்டது, ஒவ்வொன்றும் எந்த அளவில் வந்தது என்று பதிவு செய்யுங்கள். மெல்லிய சிக்னலில் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்) எண்ணை மட்டும் நம்பாதீர்கள், எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல்) எண்ணையும் பாருங்கள். எஸ்எஃப் 7-க்கு மைனஸ் 7.5, 12-க்கு மைனஸ் 20 டெசிபெல் வரை தாங்கும்.

ஒரு நோடு மட்டும் காரணமே இல்லாமல் மோசமாக இருந்தால், நகர்த்திப் பாருங்கள். இந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது ஒரு சாணுக்கும் குறைவான தூரம் நகர்த்தினாலே குழியிலிருந்து (அலைகள் அழித்துக்கொள்ளும் இடத்திலிருந்து) மேட்டுக்கு வந்துவிடலாம். கம்பை மாற்றி நடக்கூட வேண்டாம், சாய்த்துக் கட்டினாலே போதும். புதிதாக வருகிறவர்கள் திறனைக் கூட்டுவதற்கு முன் இதைச் செய்யட்டும்.

'ஒரு தடவை போகாவிட்டால் இன்னொரு தடவை அனுப்பலாமே' என்று எல்லோருக்கும் தோன்றும். நியாயமான யோசனைதான், ஆனால் அது எப்போது பலிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் காற்று அடிக்கும்போது இலைகள் ஆடிக்கொண்டே இருக்கும், ரேடியோ வழியும் கணத்துக்குக் கணம் மாறும். இரண்டு செகண்டு கழித்து அனுப்பினால் நல்ல நேரம் கிடைத்துவிடும். மார்கழியில் இலை அசையாமல் பனி இறங்கும் ராத்திரியில் குழியில் விழுந்த நோடு குழியிலேயே கிடக்கும். பத்துத் தடவை அனுப்பினாலும் பத்தும் தொலையும்.

அலைவரிசையை மாற்றி அனுப்புவதும் முழு மருந்தல்ல. நமக்குக் கிடைத்திருப்பது மொத்தமே 3 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து மரத்தில் பட்டு 30 மீட்டர் அதிகம் சுற்றி வரும் அலைக்கு, 1 மெகாஹெர்ட்ஸ் மாற்றினாலும் கட்டம் (அலை ஏற்ற இறக்கத்தில் இருக்கும் நிலை) 36 பாகைதான் மாறும், குழி குழியாகவே இருக்கும். தூரத்துப் பொத்தையில் பட்டு 150 மீட்டர் அதிகம் சுற்றி வரும் அலைக்கு அதே மாற்றம் கட்டத்தை முழுக்கத் திருப்பிப் போட்டுவிடும். நிலத்தைப் பொறுத்த விஷயம் இது. இரண்டு சேனலில் மாறி மாறி அனுப்ப வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

என் அனுபவத்தில் காசுக்கு ஏற்ற பலன் தருவது இரண்டாவது கேட்வேதான். ஒன்றை மோட்டார் ரூம் மேலே வையுங்கள், இன்னொன்றை வயலின் எதிர்ப் பக்கத்தில் சோலார் பலகையோடு வையுங்கள். ஒன்றுக்குக் குழியாக இருப்பது இன்னொன்றுக்குக் குழியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. தலா 20% செய்தி தொலைகிறது என்றால், இரண்டிலுமே தொலைவது 4% தான். ஒரு கேட்வேக்கு மின்சாரம் போனாலும் மற்றது கேட்டுக்கொண்டிருக்கும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

செய்தியில் என்ன போட வேண்டும்

நோடு எண், வரிசை எண், பேட்டரி அளவு, ஆம் அல்லது இல்லை, கடைசியாக 'ஆம்' சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்று. இவ்வளவுதான். சிஆர்சி (செய்தி வழியில் கெட்டதா என்று பார்க்கும்) சோதனையைக் கட்டாயம் இயக்குங்கள். அப்போது கெட்டுப்போன செய்தி வேறு பொருளோடு உள்ளே வராது, மொத்தமாக நிராகரிக்கப்படும். கீழே வரும் கணக்குக்கு இது அடிப்படை.

பன்றிக் கூட்டம் வரும்போது ஐந்து நோடும் ஒரே சமயத்தில் கத்தும், செய்திகள் மோதி ஐந்தும் தொலையலாம். ஆகவே அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றும் 0 முதல் 3 செகண்டுக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருக்கட்டும்.

அடுத்து, எதுவுமே நடக்காவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று ஒவ்வொரு நோடும் சொல்ல வேண்டும். பேட்டரிக்காக இதை விட்டுவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து விடாதீர்கள். அந்த விவசாயியின் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. கடைசி 30 'இருக்கிறேன்' செய்திகளில் எத்தனை வந்தன என்று கேட்வே எண்ணிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு நோடின் இணைப்பும் இப்போது எப்படி இருக்கிறது என்று கையில் ஓர் எண் இருக்கும்.

ஐந்து வாயிலிருந்து ஒரு முடிவு

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படியுங்கள், காகிதத்தில் போட்டும் பாருங்கள்.

ஒவ்வொரு நோடும் பன்றியைப் பிடிக்கும் வாய்ப்பு 80%, உளறும் வாய்ப்பு 2% என்று வையுங்கள். செய்தி எதுவும் தொலையவில்லை என்றும் இப்போதைக்கு வையுங்கள். ஐந்தில் ஒன்று சொன்னாலே மணி அடிக்கலாம் என்றால் பன்றி தப்பவே தப்பாது, ஆனால் ராத்திரிக்குச் சுமார் 29 பொய் அலாரம் வரும். இரண்டு சொன்னால்தான் என்று வைத்தால் பன்றியைப் பிடிப்பது 99%, பொய் அலாரம் ராத்திரிக்கு ஒன்று. மூன்று என்றால் பிடிப்பது 94%, பொய் அலாரம் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று. மூன்று என்பது அருமையான இடமாகத் தெரிகிறது அல்லவா? மேஜை மேல் சோதித்தவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

இப்போது ஐந்தில் ஒரு செய்தி தொலையட்டும். நோடு பிடித்து, அந்தச் செய்தியும் வந்து சேரும் வாய்ப்பு 80-இல் 80%, அதாவது 64%. மூன்று வேண்டும் என்ற விதியில், பன்றியைப் பிடிப்பது 94-இலிருந்து 75 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நாலு தடவை வந்தால் ஒரு தடவை தின்றுவிட்டுப் போய்விடும். சென்சார்கள் அப்படியேதான் இருக்கின்றன, இடையில் இருந்த காற்றுவெளி மட்டும்தான் மாறியது. இரண்டாவது கேட்வே வைத்து இழப்பை 4 சதவீதமாக்கினால் மறுபடி 91-க்கு ஏறும்.

சரி, இழப்பை முழுக்க ஒழிக்க முடியாது. அப்படியானால் முடிவெடுக்கும் விதி அந்த இழப்பைத் தெரிந்து நடந்துகொள்ள வேண்டும். பல சென்சார்கள் தனித்தனியே சொல்லும் முடிவுகளுக்கு எடை போட்டுக் கூட்டும் சிறந்த முறையை சேர், வர்ஷ்னி என்ற இருவர் 1986-இல் கொடுத்தார்கள். செய்தி ஃபேடிங் வழியாக வரும்போது அதை எப்படி மாற்றுவது என்பதை சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வர்ஷ்னியின் குழுவினர் 2000-களில் ஆராய்ந்தார்கள். நம் வயலுக்கு வேண்டிய எளிய வடிவம் இதோ.

ஒரு நோடு 'ஆம்' என்று சொல்லி அது வந்து சேர்ந்தால், அதற்கு ஒரு கூட்டல் மதிப்பெண். 80-ஐ 2-ஆல் வகுத்தால் 40, அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 3.69. நோடு பேசாமல் இருந்தால் ஒரு கழித்தல் மதிப்பெண். இழப்பே இல்லாத இணைப்பில், பன்றி இருந்தும் பேசாத வாய்ப்பு 20%, பன்றி இல்லாமல் பேசாத வாய்ப்பு 98%. இந்த விகிதத்தின் மடக்கை மைனஸ் 1.59.

இனி இணைப்பு பாதிதான் வேலை செய்கிறது என்று வையுங்கள். 'ஆம்' வந்து சேர்ந்தால் அதன் மதிப்பெண் என்ன? அதே 3.69 தான். 80, 2 இரண்டையும் ஒரே பாதியால் பெருக்குவதால் விகிதம் மாறவில்லை. கஷ்டப்பட்டு வந்து சேர்ந்த 'ஆம்' சுலபமாக வந்த 'ஆம்' அளவுக்கே நம்பத்தக்கது. ஆனால் மௌனத்தின் மதிப்பெண் மைனஸ் 1.59-இலிருந்து மைனஸ் 0.50 ஆகிவிடும். இணைப்பு இன்னும் மோசமாகி ஐந்தில் ஒன்றுதான் வருகிறது என்றால் மைனஸ் 0.17. செத்துப்போன நோடின் மௌனத்துக்குச் சுழி.

ஆகவே, இணைப்பு கெடும்போது வந்த செய்தியைச் சந்தேகப்படாதீர்கள், வராத செய்தியை நம்புவதைக் குறையுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மெல்லிய சிக்னலில் வந்த 'ஆம்' என்பதற்குக் குறைந்த மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். சிஆர்சி தேறிய செய்திக்கு அப்படிச் செய்வது தவறு.

ஐந்தின் மதிப்பெண்களையும் கூட்டி, 5-ஐத் தாண்டினால் மணி அடிக்கட்டும் என்று வைப்போம். எல்லா இணைப்பும் நன்றாக இருக்கும் ராத்திரியில் இரண்டு 'ஆம்', மூன்று மௌனம் என்றால் கூட்டு 2.61, மணி அடிக்காது. மூன்று 'ஆம்' வந்தால் 7.89, அடிக்கும். மழை ராத்திரியில் மூன்று நோடின் இணைப்பு பாதியாகிவிட்டது. இப்போது நன்றாக இருக்கும் இரண்டும் 'ஆம்' என்று சொல்லி மற்ற மூன்றும் பேசாவிட்டால் கூட்டு 5.88, மணி அடிக்கும். நாலு நோடின் இணைப்பு பாதியாகி, மிச்சம் உள்ள ஒன்று மட்டும் சொல்லி அந்த நாலும் பேசாவிட்டால் 1.69, அடிக்காது. ஐந்தில் மூன்று என்ற கண்டிப்பான விதி, நிலைமை கெட்டபோது தானாகவே ஐந்தில் இரண்டாக இளகிவிட்டது. நீங்கள் எழுந்து போய் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நிரலில் இது பத்து வரி. 'இருக்கிறேன்' செய்திகளின் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும்.

5 என்ற வரம்பு கல்லில் செதுக்கியது அல்ல. அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிலத்துக்காரர், 'ரெண்டு தடவ சும்மா எழுப்பினாலும் பரவாயில்ல, விட்டுறக் கூடாது' என்பார். அப்போது குறையுங்கள். நாற்று நட்ட புதிதில் கூட்டுங்கள். இதை முடிவு செய்ய வேண்டியது அவர்தான், நாம் இல்லை. செல்போனில் ஒரு பட்டனாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

காற்று அடிக்கும் ராத்திரி

மேலே சொன்ன கணக்கு எல்லாம், நோடுகள் தனித்தனியாக உளறும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆடிக் காற்று அந்த நம்பிக்கையை உடைத்துவிடும். காற்று ஒரே நேரத்தில் ஐந்து நோடுக்கும் முன்னால் இலையை ஆட்டும், ஐந்தும் சேர்ந்தே உளறும். ஒன்றரை மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்ட பொய் அலாரம் ஒரே ராத்திரியில் பத்து வரும். இதற்கு இரண்டு வழி. நோடுக்கு முன்னால் மூன்று நாலு மீட்டருக்கு இலை, கொடி எல்லாம் வெட்டிச் சுத்தமாக வைப்பது ஒன்று. தடத்துக்கு வெகு தூரத்தில், பன்றி வரவே வராத இடத்தில் ஆறாவதாக ஒரு நோடு வைத்து, அதுவும் கத்தினால் காற்று என்று புரிந்துகொண்டு வரம்பை உயர்த்துவது இன்னொன்று. கூடவே வரிசையையும் பாருங்கள். கூட்டம் நடந்து வந்தால் முதல் நோடு, இரண்டாம் நோடு, மூன்றாம் நோடு என்று சில செகண்டு இடைவெளியில் கத்தும். காற்றுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

மணி அடித்த பிறகு

விளக்கு எரியட்டும், ஒலிபெருக்கி சத்தம் போடட்டும், செல்போனுக்கு அழைப்பு வரட்டும். ஒரே சத்தத்தை வாரக்கணக்கில் போட்டால் பன்றி பழகிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள். இந்தக் கருவியை மின்வேலியோடு இணைத்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ நேரடியாகக் கம்பியில் கொடுப்பது குற்றம். பன்றியோடு யானையும், இருட்டில் தண்ணீர் திருப்பப் போன மனிதரும் செத்துப்போகும் வேலை அது. எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் செய்து கொடுக்காதீர்கள்.

களக்காடு முண்டந்துறை 1988-இலிருந்து புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். அதை ஒட்டிய நிலத்தில் மணி அடித்தால் வந்தது பன்றியாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கரடியாகவும் இருக்கலாம். வடகரை, மேக்கரை பக்கம் யானையாகவும் இருக்கலாம். நீங்கள் கொடுக்கும் கருவி ஆளை வெளியே இழுப்பதாக இருக்கக் கூடாது, உள்ளேயே இருக்க வைப்பதாக இருக்க வேண்டும். அழைப்பில் வரும் குரலிலேயே 'வெளியே போக வேண்டாம், விளக்குப் போட்டிருக்கிறது' என்று பதிவு செய்யுங்கள். யானை என்று தெரிந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லும்படி பழக்குங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. டப்பாவின் துளைகளை சிலிகோன் பசையால் அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு புகுந்து கூடு கட்டும். சோலார் பலகையை மாதம் ஒரு தடவை துடையுங்கள். மோட்டார் ரூம் சுவரில் ஐந்து நோடின் இணைப்பு சதவீதத்தையும் காட்டும் ஒரு சின்னத் திரை மாட்டுங்கள், தண்ணீர் திறக்க வருகிறவர் தினமும் கண்ணில் பார்ப்பார். எது 60-க்குக் கீழே இறங்கினாலும் அந்த நோடுக்கு முன்னால் எந்த இலை வளர்ந்திருக்கிறது என்று பார்த்து வெட்டுங்கள், அல்லது கம்பை ஒரு முழம் உயர்த்துங்கள். வாழை குலை தள்ளும் சமயத்தில் ஒரு தடவை, முதல் பெருமழைக்கு மறுநாள் ஒரு தடவை, 500 செய்திச் சோதனையைத் திரும்பச் செய்து, வரும் எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.